ஒட்டிய இடமும் ஒடிந்த இடமும்

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வருகிறவர்கள் ரங்கநாதர் கோயிலுக்கு வழி கேட்கிறார்கள். 1799 மே 4-ஆம் நாள் திப்பு சுல்தான் வீழ்ந்த இடத்துக்கு வழி கேட்கிறார்கள். சாலையோரப் பட்டறைக்கு வழி கேட்பவர், வண்டி உடைந்து நிற்பவர் ஒருவரே. அத்தகைய பட்டறை ஒன்று என் தந்தையாருடையது. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் கன்னட நாட்டுக்கு வந்தவர் அவர். அந்தப் பட்டறையின் பொறியில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. நான் மைசூரில் எம்.எஸ்ஸி. படிப்பதும் அதனால்தான்.

சென்ற கரும்புப் பருவத்தில் ஒரு லாரி வந்தது. ஸ்பிரிங் கட்டில் முதல் பட்டை முறிந்திருந்தது. "மேஸ்திரி, இரவுக்குள் லோடு போக வேண்டும்" என்றார்கள். அப்பா வெல்டிங் வைத்தார். சூடு ஆறும்வரை காத்திருக்கப் பொறுமையின்றி, வந்தவர்கள் ஒரு குவளைத் தண்ணீரையும் ஊற்றினார்கள். மூன்றாம் நாள் பட்டை மீண்டும் முறிந்தது. லாரி சாய்ந்தது, கரும்பின்மேல் உட்கார்ந்து வந்த கூலியாள் ஒருவருக்குக் கால் ஒடிந்தது. "மேஸ்திரியின் கை சரியில்லை" என்று ஊரில் பேச்சாயிற்று. அப்பா மறுத்துப் பேசவில்லை. மருத்துவமனைக்குப் போய்த் தம்மால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு வந்தார்.

உடைந்த துண்டை நான் எடுத்துப் பார்த்தேன். அப்பா ஒட்டிய இடம் உடையவில்லை! அதற்கு மூன்று மில்லிமீட்டர் தள்ளி உடைந்திருந்தது. ஒரு துண்டை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். உடைந்த ஓரத்தில் ஊசி ஊசியாக மார்ட்டென்சைட் தெரிந்தது. தேர்வில் அதன் படத்தை வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். எங்கள் பட்டறையில் அது நாள்தோறும் பிறக்கிறது என்பது மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை.

நடந்தது இதுதான். அரிவாள் செய்யும் கொல்லரை நாம் அறிவோம். இரும்பைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்ப்பார். அது கடினமாகும், ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். ஆதலின் மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதம் செய்வார். ஸ்பிரிங் பட்டையும் அவ்வாறு தோய்த்துப் பதப்படுத்திய கலப்பு உருக்குத்தான். அதில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் கரிமம் இருக்கும். அத்துடன் சிலிக்கன், மாங்கனீஸ் அல்லது குரோமியம், வனேடியம் சேர்ந்திருக்கும். வெல்டிங் வைக்கும்போது உருகாத ஓரம்கூட 800 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. பழைய பதம் கலைந்து ஆஸ்டெனைட் என்னும் அமைப்பாகிறது. சுற்றிலுமுள்ள குளிர்ந்த உருக்கு அந்தச் சூட்டைச் சில நொடிகளில் உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரே வேண்டாம், அதுவே தோய்த்தலாகிவிடுகிறது! குரோமியமும் மாங்கனீசும் சேர்ந்த உருக்கில் இந்த மாற்றம் இன்னும் எளிதில் நிகழும். பதப்படுத்திய பட்டையின் கடினம் விக்கர்ஸ் அளவில் 450-ஐ ஒட்டியிருக்கும். இந்த ஓரமோ 700-ஐயும் எட்டும். வெல்டிங் ஓரம் 350-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்பது பற்றவைப்புத் துறையின் பொது வழக்கு.

ஆக, கொல்லர் செய்யும் இரு வேலைகளில் முதலாவது, வெல்டிங்கில் தானாகவே நடந்துவிடுகிறது. இரண்டாவதை யாரும் செய்வதில்லை. இதனோடு ஈரமான வெல்டிங் ராடிலிருந்து ஹைட்ரஜனும் புகுந்தால், சில மணிக்குப் பிறகோ மறுநாளோ உள்ளே கீறல் விழும். கொடுக்கும்போது நன்றாயிருந்த வேலை பிறகு உடைவதன் மர்மம் இதுவே.

இது சாலையோரப் பட்டறையின் குறை மட்டுமா? மெல்போர்ன் நகரில் 1961-இல் திறந்த கிங்ஸ் பாலம், 1962 ஜூலை 10-ஆம் நாள் ஒரு பாரவண்டியின் கீழ் முறிந்து தொங்கியது. அந்த முறிவுக்கு மூலம், உறுதிமிக்க உருக்கில் வெல்டிங்கை ஒட்டிய சூடுபட்ட ஓரத்தில் விழுந்திருந்த கீறல்களே. பொறியியல் பட்டம் பெற்றோர் கட்டிய பாலத்துக்கே அந்தக் கதி என்றால், கைத்தொழிலாளியின் கையை மட்டும் குறை கூறுவது என்ன நியாயம்?

இந்த மண்ணுக்குச் சூட்டின் அருமை புதிதன்று. மைசூர் நாட்டிலும் சேலம் பகுதியிலும் மூசையில் உருக்கிய உருக்கு 'வூட்ஸ்' என்ற பெயரில் ஐரோப்பா சென்றது. அதை ஆராய்ந்த மைக்கேல் பாரடே, ஸ்டோடார்ட் என்பவருடன் சேர்ந்து 1820-இலும் 1822-இலும் கலப்பு உருக்குகளைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். வூட்ஸை வெள்ளைச் சூட்டில் அடித்தால் நொறுங்கும். மங்கிய சிவப்பில் அடித்தால்தான் இணங்கும். நம் கொல்லருக்கு இது கைவந்த பாடம். ஆனால் அந்த அறிவு கையோடு இருந்து கையோடு போயிற்று. அன்று கையில் இருந்த அறிவு ஏட்டில் ஏறவில்லை. இன்று ஏட்டில் உள்ள அறிவு கைக்கு இறங்கவில்லை. இரண்டுக்கும் பொறுப்பாளி படித்தவனே என்பேன்.

இறங்க முடியாத அறிவா இது? இதே காவிரி கீழே பாயும் திருச்சியில், பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையில் குரோமியம் சேர்ந்த உருக்குக் குழாய்களைப் பற்றவைக்கிறார்கள். ஒன்பது பங்கு குரோமியம் உள்ள வகையை 200 டிகிரிக்கு மேல் சூடேற்றிக்கொண்டே பற்றவைத்து, பின்னர் 760 டிகிரி அளவில் வைத்துப் பதப்படுத்துவது முறை. அங்கே 1975-இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் ஏற்பட்டது. அங்கும் ராடு பிடிப்பவர் நம்மவரே. கை ஒன்றுதான்; சொல்லிக் கொடுத்தவர் உண்டா இல்லையா என்பதே வேறுபாடு.

"பட்டறைக்காரனுக்கு உலையேது, நேரமேது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சாம்பல் இல்லாத ஊர் உண்டா? ஆதலின் நம் மன்றம் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பக்கத் தாள் அச்சிட்டு, ஸ்ரீரங்கப்பட்டணம் முதல் மைசூர் வரை உள்ள பட்டறைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதில் நான்கே செய்திகள் போதும். சாணைக்கல்லில் பொறி பூப்பூவாய் வெடித்தால் கரிமம் மிகுதி, எச்சரிக்கை. தண்டு, அச்சு போன்றவற்றை முன்னதாக 200 முதல் 300 டிகிரி வரை காய்ச்சி, உலர்ந்த லோ ஹைட்ரஜன் ராடு கொண்டு ஒட்டி, தண்ணீர் காட்டாமல் உலர்ந்த சாம்பலில் புதைத்து ஆற விடுக. மறுநாள் கீறல் பார்த்த பின்பே கொடுக்க. ஸ்பிரிங் பட்டையை ஒட்டவே வேண்டாம். புதிது மாற்றச் சொல்லுக.

கடைசிச் செய்திதான் கடினமானது. 'முடியாது' என்று சொன்னால் அன்றைய கூலி போகும். லாரி அடுத்த பட்டறைக்குப் போகும். ஒருவர் மட்டும் சொன்னால் அவருக்கு நட்டம். எல்லாரும் சொன்னால் அது தொழில் தருமம். தாள் எல்லாப் பட்டறைக்கும் போக வேண்டும் என்பது அதனாலேயே.

நுண்ணோக்கியில் எடுத்த படத்தை அப்பாவிடம் காட்டி விளக்கினேன். நெடுநேரம் பார்த்தார். "அப்போ என் கையில தப்பில்லையா?" என்று கேட்டார். பிறகு, "அஞ்சு வருசமா இதைத்தான் படிச்சியா? முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாரேனும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்கக் காத்திருக்கலாம். கேட்கும் முன்னே சொல்லிவிடுங்கள்.