பரிசுப் பெட்டியும் பணப்பையும்

தீபாவளிக்கு ஊர் செல்ல அறுபது நாளுக்கு முன்பே விழித்திருந்து இரயிலில் இடம் பிடிக்கிறோம். (2024 நவம்பருக்கு முன் நூற்றிருபது நாள், அந்தக் காலம் போயிற்று.) ஆனால் வீட்டாருக்கு என்ன வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது என்பதை மட்டும் கடைவாசலில் நின்றுதான் முடிவு செய்கிறோம். இது பெரும் பிழை என்பது என் கருத்து. பட்டுத் தெரிந்தவன் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு நான் ஆடிய கூத்தைக் கேளுங்கள். டில்லியில் படிக்கும் பிள்ளை வெறுங்கையோடு போகலாமா? லாஜ்பத் நகர்க் கடைத்தெருவில் அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை, தங்கைக்குச் சுடிதார், சித்தப்பா வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் பளபளக்கும் தாள் சுற்றிய பாதாம் பெட்டிகள்! கையிலிருந்தது இரண்டாயிரம், செலவு ஆறாயிரத்தைத் தாண்டிற்று. மீதியை அறைத்தோழர் கொடுத்தார். சால்வையோ, விருதுநகர் வெயிலில் பீரோவை விட்டு வெளியே வரவேயில்லை.

கடன் தீருமுன் நெட் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் வந்தது. கட்டணத்துக்கு மறுபடியும் அதே நண்பரிடம் கைநீட்ட நாணினேன். நாள் கடந்துவிட்டது. ஆண்டுக்கு இருமுறை நடக்கும் தேர்வில் ஒருமுறை போயிற்று. வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை. இந்த இதழ் அங்கே போகாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பரிசுக்குக் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனம் என்பார் சிலர். கடன்பட்டுக் கொடுப்பது யாருடைய பெருமைக்கு? வாங்குவோருக்கா, நமக்கா? இம்முறை அம்மாவையே கேட்டுவிட்டேன். "கட்டிப் பெருங்காயம் நல்லதாக் கிடைச்சா வாங்கிட்டு வாப்பா" என்றாள். அவ்வளவுதான்!

ஆகவே முதலில் தொகை, பிறகுதான் பட்டியல். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த இரண்டாயிரம் இருக்கிறது. அதற்குமேல் ஒரு காசும் இல்லை. பழைய டில்லி காரி பாவ்லியில் பெருங்காயமும் கிடைக்கும். பாதாமும் உதிரியாக நிறுத்துத் தருவார்கள். அட்டைக்கும் ரிப்பனுக்கும் நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும்? இனிப்பு வாங்குவோருக்கும் ஒரு சொல்: பெட்டியோடு சேர்த்து நிறுக்க விடாதீர்கள். நிகர எடைக்கே விலை என்பது சட்டம். கேட்டால் கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை நான் அங்கே போகிறேன். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் பேரம் பேசத் தெம்பு வரும். வருகிறவர்கள் காலை பத்து மணிக்கு விடுதி வாசலில் நில்லுங்கள். பை கொண்டு வாருங்கள்.