வாழ்த்து மடலும் ஒரு தமிழ்ப் பாடமே



சென்ற தவணையில் ஒரு சனிக்கிழமை, எமது வகுப்புப் பிள்ளைகள் பாடநூலை மூடிவைத்துவிட்டுப் பிறந்தநாள் வாழ்த்து மடல் செய்தனர். வகுப்பு முடிந்ததும் ஒரு தந்தையார் என்னிடம், "வாரத்தில் இரண்டு மணித்தியாலந்தான் தமிழ். அதிலும் கடதாசி வெட்டுவதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வாசலில் நின்றபடி அதற்கு விடை கூற என்னால் இயலவில்லை. ஆகவே இம்மலரில் எழுதுகின்றேன்.

வாழ்த்து மடல் நாம் வாழும் இந்நகரோடு நெருங்கிய தொடர்புடையது. 1840இல் ஒரு பென்னி அஞ்சல் முறை வந்தபின் கடிதம் எழுதுவது எல்லோருக்கும் இயலுவதாயிற்று. 1843இல் ஹென்றி கோல் என்பவர், ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு வரைவித்து, முதலாவது நத்தார் வாழ்த்து மடலை இலண்டனில் விற்பனைக்கு விட்டார். அச்சிட்டவை ஏறத்தாழ 1000. ஒன்றின் விலை ஒரு சிலிங். வர்ணம் கையாலேயே தீட்டப்பட்டது. இன்று விக்ரோறியா அல்பேட் அருங்காட்சியகம் என்று நாம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நிறுவனத்தின் முதற் பணிப்பாளரும் அவரே. எழுத்தையும் உருவத்தையும் தாளில் மேலெழச் செய்யும் புடைப்பு வேலையும் அக்காலத்தில் இங்கு சிறந்திருந்தது. 1847இல் வெளிவந்த ஒரு சிலிங் முத்திரையில் விக்ரோறியா அரசியாரின் தலை புடைப்பாகவே அமைந்தது.

எமது பிள்ளைகள் செய்ததும் புடைப்பு மடலே. கடைகளில் ஆங்கில எழுத்துக்களுக்கான வெட்டச்சுகள் எளிதில் கிடைக்கின்றன. தமிழுக்கு நாமே வெட்டவேண்டும். சீரியல் பெட்டி மட்டை அதற்குப் போதும். எழுத்தை வரைந்து வெட்டி எடுத்து, அம்மட்டையைச் சாளரக் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் மடலை வைத்து, ஒளியில் தெரியும் விளிம்பைப் பின்னல் ஊசியின் மழுங்கிய முனையால் மெல்ல அழுத்தவேண்டும். தாள் மெல்லியதாயின் கிழியும். மிகத் தடித்ததாயின் ஒளி புகாது. மெழுகுத்தாளால் மடலின் பின்புறத்தைச் சற்றுத் தேய்த்துக்கொண்டால் ஊசி வழுக்கிச் செல்லும்.

இவ்வேலையில் எழுத்தின் உருவத்தை அறியாமல் ஓரடியும் நகர இயலாது. அழுத்துவது பின்புறத்தில் ஆதலால் வெட்டச்சை இடவலமாக மாற்றி ஒட்டவேண்டும். 'ப' மாறினாலும் பெரிதும் 'ப' ஆகவே தோன்றும், 'ட' அவ்வாறன்று. த, வ, ள ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் சிறு துண்டு, பாலம் விடாமல் வெட்டினால் கழன்று விழுந்துவிடும். சுழி எங்கே தொடங்கி எங்கே மூடுகின்றது என்பதை அன்றுதான் கவனித்ததாக ஒரு மாணவன் கூறினான். அவன் மூன்றாண்டுகளாக அவ்வெழுத்துக்களை எழுதி வருபவன்! ஓலைச்சுவடியில் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே விட்டனர். எமது மடலிலோ புள்ளி இடுவதே மிக எளிய வேலை. ஊசியால் ஓரழுத்து, அவ்வளவே. சிறுவர்கள் வேண்டாத இடத்திலும் புள்ளி குத்தியது வேறு கதை.

இனி என் வீட்டு நிகழ்வு ஒன்று. ஒன்பது வயதான என் மகள், தன் அப்பம்மாவுக்கு ஒரு மடல் செய்தாள். அவர் ஊரில் ஆசிரியையாக இருந்தவர். இப்போது பார்வை மிகவும் மங்கிவிட்டது. பேத்தி கைப்பேசியில் அனுப்பும் படங்கள் அவருக்கு வெறும் வெளிச்சமே. மடலைக் கையில் வாங்கியவர், சுட்டுவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவினார். 'பிறந்தநாள்' என்பதைக் கடந்த விரல் அடுத்த சொல்லின் நடுவில் நின்றது. மீண்டும் தடவினார். "என்ர குஞ்சு, இது வாள் எல்லே! வெட்டப் போறியோ என்னை?" என்று சிரித்தார்.

'வாள்த்து' என்று அழுத்தியிருந்தாள். எம்மவரிற் பலர் பேசும்போது ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கின்றோம். பிள்ளை கேட்டபடி எழுதுகின்றாள். சொல்வதெழுதலில் இதே பிழைக்கு நான் எத்தனை முறை சிவப்பு மையால் கோடிட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. அக்கோடுகளுக்கு அசையாதவள், அன்றிரவே புதிய மட்டை கேட்டாள். 'ழ' வெட்டுவது கடினம். அதன் கீழ் வளைவு இருமுறை கிழிந்தது. மூன்றாம் முறை சரிவந்தது. தன் எழுத்தை வாசிக்க ஒருவர் காத்திருக்கின்றார் என்பதை அவள் உணர்ந்தாள். பயிற்சிக் கொப்பியை வாசிப்பவர் ஆசிரியர் ஒருவரே என்பதையும் பிள்ளைகள் நன்கறிவர்.

ஆகவே அத்தந்தையாருக்கு எனது விடை இதுவே: ஒரு தவணைக்கு ஒருமுறையேனும் கடதாசி வெட்டுவோம். பரீட்சைக்கு முந்திய வாரங்களில் வேண்டாம். அதில் அவரோடு நான் உடன்படுகின்றேன். ஆயினும் மடல் யாருக்கு என்பதைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும், முகவரியையும் பிள்ளையே எழுதட்டும். பெற்றோர் திருத்திக் கொடுக்காதிருப்பின் மிக நன்று.

புதிய மடல் கிடைத்ததும் பழையதைத் திருப்பித் தருமாறு என் மகள் கேட்டாள். அப்பம்மா தர மறுத்துவிட்டார். இரண்டும் அவர் தலையணையின் கீழ் இருக்கின்றன.