அலமாரியில் உறங்கும் ஷாம்பேன்

நம் நடுத்தர வர்க்க வீடுகளின் ஷோகேஸில் சில பொருட்கள் நிரந்தரவாசிகள். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, ஆக்ராவில் வாங்கிய பளிங்கு தாஜ்மகால், பையன் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த கோப்பை. இப்போது அந்த வரிசையில், கழுத்தில் தங்கக் காகிதம் சுற்றிய ஒரு ஷாம்பேன் பாட்டிலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. துபாயிலிருந்து வந்த மைத்துனர் கொடுத்தது. அல்லது தீபாவளிக்கு யாரோ வியாபார நண்பர் அனுப்பியது. "நல்ல நாளாகப் பார்த்துத் திறக்கலாம்" என்று வைத்தார்கள். மகளுக்கு வேலை கிடைத்தது, திறக்கவில்லை. வீடு வாங்கினார்கள், திறக்கவில்லை. ஆறேழு வருடம் ட்யூப் லைட் வெளிச்சத்திலும் மே மாத வெக்கையிலும் நின்றபடியே இருந்த பாட்டிலைக் கடைசியில் ஒரு புத்தாண்டு இரவில் திறந்தால் சத்தமும் இல்லை, நுரையும் இல்லை. வெட்டி வைத்து நிறம் மாறிய ஆப்பிள் வாசனையோடு மஞ்சளாக ஒரு திரவம் வருகிறது. பல ஆயிரம் ரூபாய், வாஷ் பேசினில்.

1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிடம் கொண்டாட ஷாம்பேன் இல்லை. ஜெயிப்போம் என்று யார் எதிர்பார்த்தார்கள்? மேற்கிந்தியத் தீவுகள் அணியின் அறைக்குப் போய், அவர்கள் தங்கள் வெற்றிக்கென்று வாங்கி வைத்திருந்த பாட்டில்களைக் கேட்டு வாங்கிவந்ததாகக் கபில் தேவ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். கபில் அதை ஷோகேஸில் வைக்கவில்லை.

பழசாக ஆகத்தான் ருசி கூடும் என்ற நம்பிக்கைதான் இந்த நஷ்டத்துக்குக் காரணம். சில சிவப்பு ஒயின்களுக்கு அது பொருந்தும். ஆனால் கடையில் கிடைக்கும் ஷாம்பேனில் பெரும்பகுதி, ஆண்டு குறிப்பிடாத ரகம். பல வருடங்களின் ஒயின்களைக் கலந்து, எப்போது வாங்கினாலும் ஒரே ருசி இருக்கும்படி செய்வது. இதைப் பாட்டிலில் அடைத்தபின் குறைந்தது 15 மாதம் நிலவறையில் வைத்திருந்தே விற்க வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். நல்ல கம்பெனிகள் இரண்டு, மூன்று வருடம் வைத்திருக்கின்றன. அதாவது, காத்திருக்கும் வேலையை அவர்களே முடித்துவிட்டுத்தான் உங்கள் கையில் தருகிறார்கள். லேபிளில் அறுவடை ஆண்டு அச்சிட்டிருந்தால் மட்டும் கதை வேறு. நல்ல விளைச்சல் கண்ட வருடங்களில் செய்யப்படும் அந்த ரகம் குறைந்தது மூன்று வருடம் கழித்தே வெளியே வரும். பத்து வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்தப் பத்து வருடமும் அது பத்து, பன்னிரண்டு டிகிரி குளிரில், இருட்டில் இருந்தாக வேண்டும். நாக்பூர் ஹாலில் அல்ல.

வெளிச்சம் ஷாம்பேனுக்கு எவ்வளவு விரோதி என்பதற்குக் கிறிஸ்டல் என்ற விலையுயர்ந்த பிராண்டைப் பாருங்கள். ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்ஸாண்டருக்காக 1876-ல் உருவாக்கப்பட்டது. அது நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் வருகிறது. அதனாலேயே மஞ்சள் செல்லோஃபேன் தாளில் சுற்றித்தான் விற்கிறார்கள். அலங்காரம் என்று நினைத்து அந்தத் தாளைப் பிரித்துவிட்டு ஷோகேஸில் வைப்பவர்கள் உண்டு.

ஷாம்பேன் என்பது ஓர் ஊர்ப்பக்கத்தின் பெயர். பாரிஸுக்குக் கிழக்கே, ரெய்ம்ஸ், எபர்னே நகரங்களைச் சுற்றிய திராட்சைத் தோட்டங்களில் விளைந்து, அங்கேயே தயாரானதுதான் ஷாம்பேன். டார்ஜீலிங் தேயிலை மாதிரி. மற்றவர்கள் இந்தப் பெயரைப் பயன்படுத்தினால் அந்த ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள். "ஷாம்பேன் முறையில் செய்தது" என்று போட்டுக்கொள்ளக்கூட 1994 முதல் ஐரோப்பாவில் மற்ற ஒயின்களுக்கு அனுமதியில்லை. "பாரம்பரிய முறை" என்றுதான் போட வேண்டும்.

அந்த முறை என்ன? சாதாரண ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். உள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. வெளியேற வழியில்லாத கரியமில வாயு ஒயினிலேயே கரைகிறது. உள்ளே ஐந்து, ஆறு வளிமண்டல அழுத்தம். கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. ஒரு காலத்தில் பாட்டில்கள் வெடித்துச் சிதறியதால் நிலவறைத் தொழிலாளிகள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். ஓவில்லே மடத்துத் துறவி டோம் பெரிஞ்யோன்தான் ஷாம்பேனைக் கண்டுபிடித்தார் என்ற கதையை நம்பாதீர்கள். அந்த மனிதர் ஒயினில் குமிழி வராமல் தடுப்பதற்குத்தான் பாடுபட்டார். சர்க்கரை சேர்த்தால் ஒயின் நுரைக்கும் என்று 1662-லேயே லண்டன் ராயல் சொஸைட்டியில் கட்டுரை படித்தவர் கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர்.

நொதித்து முடித்த ஈஸ்ட் பாட்டிலில் வண்டலாகத் தங்கிவிடும். அதை எடுப்பதற்கு வழி கண்டவர் ஒரு விதவை. பார்ப்-நிகோல் க்ளிக்கோ, 1805-ல் கணவர் இறந்தபோது 27 வயது. வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். துளையிட்ட மேஜையில் பாட்டில்களைத் தலைகீழாகச் சாய்த்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவரும் உத்தி 1816 வாக்கில் அவருடைய நிலவறையில் பிறந்தது. உலகெங்கும் பிரபலமான அந்த மஞ்சள் லேபிளில் 'வ்யூவ் க்ளிக்கோ' என்று இருக்கிறதே, 'வ்யூவ்' என்றால் பிரெஞ்சில் விதவை என்றே அர்த்தம். மங்கல காரியங்களில் விதவைகளை ஓரமாக நிற்கவைத்த நம் சமூகத்தில், கல்யாண வரவேற்புக்கு அந்தப் பெயர் பொறித்த பாட்டிலைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு போகிறோம். அர்த்தம் தெரிந்து கொடுத்தால் இன்னும் சந்தோஷம்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஷாம்பேன் வாங்குகிறவர்கள் எல்லோரும் பிராண்ட் பெயரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வார்த்தையை. வண்டலை எடுத்தபின் பாட்டிலை மூடுமுன் எவ்வளவு இனிப்புச் சேர்த்தார்கள் என்பதை அந்த வார்த்தை சொல்கிறது. 'ப்ரூட்' என்றிருந்தால் லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்கும் குறைவு. (ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் கோலா பானத்தில் 100 கிராமுக்கு மேல்.) 'எக்ஸ்ட்ரா ப்ரூட்' இன்னும் குறைவு, ஆறு கிராம் வரைதான். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று பார்த்ததும் மிகவும் இனிப்பற்றது என்று நினைப்போம், தவறு. அதில் 12 முதல் 17 கிராம், அதாவது ப்ரூட்டைவிட இனிப்பு அதிகம். இந்தக் குழப்பத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 'செக்' 17 முதல் 32. 'டெமி-செக்' 32 முதல் 50. நிஜமாகவே இனிப்பானது என்றால் அதுதான்.

இது ஏன் முக்கியம்? நம் ஊரில் ஷாம்பேன் எப்போது திறக்கிறார்கள் என்று யோசியுங்கள். கேக் வெட்டும்போது. மேடையில் மூன்றடுக்குக் கேக், மேலே ஐசிங் ரோஜா. ஒரு துண்டு வாயில் போட்டதும் கையில் ஒரு கிளாஸ் ப்ரூட். ஐசிங் தின்ற நாக்குக்கு அந்த ப்ரூட் வெறும் எலுமிச்சைப் புளிப்பு. முகம் சுளிக்காமல் விழுங்கிவிட்டு, "இதுக்கா இவ்வளவு விலை?" என்று விருந்தாளிகள் மனசுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். தப்பு அவர்கள் நாக்கில் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சடங்குகள் உருவானபோது ஷாம்பேன் பாயசம் மாதிரி இருந்தது. ரஷ்யாவுக்குப் போன பாட்டில்களில் லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரையைத் தாண்டியதும் உண்டு. விருந்தின் கடைசியில், இனிப்புப் பண்டங்களோடு குடித்தார்கள். ஆங்கிலேயர்களுக்கு இனிப்புக் குறைவாக வேண்டியிருந்தது. அதைப் புரிந்துகொண்டு 1874-ம் வருட அறுவடையில் இனிப்பில்லாத ஷாம்பேனைத் துணிந்து செய்தவர் மதாம் பொம்மெரி. அவரும் ஒரு விதவைதான். இன்று உலகில் விற்பதில் பெரும்பகுதி ப்ரூட். ஒயின் மாறிவிட்டது, கேக் மட்டும் மாறவில்லை.

ஆகவே இனிப்பு வைக்கும் விசேஷம் என்றால் டெமி-செக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரிடம் ப்ரூட்தான் இருக்கிறது என்றால் கவலையில்லை, நேரத்தை மாற்றுங்கள். கேக்குக்கு முன்னால், விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தவுடன் ஊற்றுங்கள். கூடவே உப்பும் எண்ணெயும் உள்ள எதையாவது வையுங்கள். உருளைக்கிழங்கு சிப்ஸ், வறுத்த முந்திரி, வெங்காயப் பக்கோடா, சுடச்சுட மெதுவடை. சிரிக்க வேண்டாம். ப்ரூட்டின் புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை வெட்டுகிறது, உப்பு அந்தப் புளிப்பைத் தணிக்கிறது. மிளகாய்க் காரம் மட்டும் அடக்கமாக இருக்கட்டும். காரத்தைக் குமிழிகள் இன்னும் தூக்கிவிடும்.

பரிசாகக் கொடுப்பதென்றால் முதல் கேள்வி, வாங்கிக்கொள்பவர் குடிப்பவரா? குடிக்காத வீட்டுக்கு அனுப்புவது அவர்களைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்துவது. ஷோகேஸுக்கு ஒரு பாட்டில் சேர்ப்பது. குடிப்பவர், ஆனால் ஒயினில் அதிகம் ஈடுபாடு இல்லாதவர் என்றால் பெயர் தெரிந்த பிராண்டே நல்லது. மேலதிகாரிக்குக் கொடுக்கும் பரிசில் அவருக்கு விலை புரிய வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிஜமான ரசிகருக்கு என்றால் லேபிளின் ஓரத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அளவில் இருக்கும் இரண்டு எழுத்துகளைக் கவனியுங்கள். என்.எம். என்றால் பெரிய கம்பெனி, திராட்சையை விலைக்கு வாங்கிச் செய்தது. ஆர்.எம். என்றால் ஒரு விவசாயி தன் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்தது. இரண்டாவதைத் தேடிப் பிடித்துக் கொடுத்தால் அந்த நண்பர் உங்களை மறக்கமாட்டார். இளம் தம்பதிக்கு ஒரு பெரிய பாட்டிலைவிட 375 மில்லி அரை பாட்டில்கள் இரண்டு புத்திசாலித்தனம். ஒருமுறை திறந்தால் இருவரே முடித்துவிடலாம்.

விலை? இந்தியாவில் அயல்நாட்டு ஒயினுக்குப் பல ஆண்டுகளாக 150 சதவிகிதச் சுங்க வரி இருந்தது. அதன்மேல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் ஆயத்தீர்வை. நீங்கள் பருகுவதில் பாதிக்கு மேல் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனவே வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வரியில்லாக் கடையில் வாங்கச் சொல்வதே சிக்கனம். பயணி ஒருவருக்கு 2 லிட்டர் வரை அனுமதி. 750 மில்லி பாட்டில் இரண்டும் அரை பாட்டில் ஒன்றும் அதற்குள் அடங்கும். ஆனால் குஜராத், பீகார் போன்ற மதுவிலக்கு மாநிலங்களுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். குடிப்பதற்கான குறைந்தபட்ச வயதும் சில மாநிலங்களில் 21, சிலவற்றில் 25. பரிசு கொடுக்குமுன் மாப்பிள்ளையின் வயதை ஒருமுறை கணக்குப் பார்க்கலாம்.

நம் நாட்டுச் சரக்கு மட்டமா என்றால், இல்லை. புனே பக்கம் நாராயண்காவில் ஷாம் சௌகுலே பிரெஞ்சு நிபுணர்களின் உதவியோடு 1980-களிலேயே குமிழி ஒயின் செய்து 'ஓமர் கய்யாம்' என்ற பெயரில் ஏற்றுமதி செய்தார். அந்த நிறுவனம் பிற்பாடு கடனில் மூழ்கிவிட்டது. ஆனால் வழி திறந்துவிட்டது. நாசிக்கில் சுலா, பக்கத்துத் திண்டோரியில் பிரெஞ்சு நிறுவனமே 2013-ல் கொண்டுவந்த ஷாண்டோன், இரண்டும் பாட்டிலுக்குள்ளேயே நொதிக்கவைக்கும் அதே பாரம்பரிய முறையில் வந்தவை. நூறு பேர் வரும் வரவேற்புக்கு ஷாம்பேன் ஊற்றுவது பணத்தை விசிறுவது என்பது என் கட்சி. நின்றுகொண்டு, பேசிக்கொண்டு, பிளாஸ்டிக் டம்ளரில் குடிப்பவர்களுக்கு நாசிக் ப்ரூட் தாராளம். ஸ்பெயினின் காவாவும் அதே முறைதான். இத்தாலியின் ப்ரொஸெக்கோ பெரும்பாலும் பெரிய தொட்டியில் நொதிக்கவைத்தது. மென்மையாக, பழவாசனையோடு இருக்கும். புதிதாகக் குடிப்பவர்களுக்குப் பிடிக்கும்.

திறக்கும் விதம் பற்றிச் சில வார்த்தைகள். 1967-ல் லெ மான்ஸ் கார் பந்தயத்தில் ஜெயித்த டான் கர்னி பாட்டிலைக் குலுக்கிப் பீய்ச்சி அடித்தார். அன்று பிடித்த வியாதி நம் பிறந்தநாள் பார்ட்டிகள் வரை வந்துவிட்டது. சூடான, குலுக்கிய பாட்டிலிலிருந்து பறக்கும் கார்க் கண்ணைப் பறித்துவிடும். கண் டாக்டர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். ஃபிரிஜ்ஜில் மூன்று, நான்கு மணி நேரம். அவசரம் என்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீரில் அரை மணி. எட்டு முதல் பத்து டிகிரி போதும். காகிதத்தை உரித்து, கட்டை விரலால் கார்க்கை அழுத்தியபடி கம்பி வலையைத் தளர்த்துங்கள். பாட்டிலைச் சாய்த்து, ஆளில்லாத பக்கம் திருப்பி, கார்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் சுழற்ற வேண்டும், கார்க்கை அல்ல. 'டுப்' என்று வெடிக்காமல் 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு வந்தால் சரியாகத் திறந்தீர்கள் என்று அர்த்தம்.

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, பீர் ஊற்றுவதுபோல் ஓரமாக ஊற்றுங்கள். இப்படி ஊற்றினால் வாயு குறைவாக வீணாகிறது என்று ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரார் லிஜே-பெலேர் குழு 2010-ல் அளந்தே காட்டியிருக்கிறது. பழைய சினிமாக்களில் வரும் அகன்ற தட்டைக் கிண்ணம் படத்துக்கு அழகு, ஒயினுக்கு ஆகாது. குமிழியும் வாசனையும் நிமிடத்தில் பறந்துவிடும். நீளமான கிளாஸ் இல்லையா, வீட்டிலிருக்கும் சாதாரண ஒயின் கிளாஸே போதும். சோப்பு வாடை இல்லாமல் கழுவியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மிச்சமிருந்தால் பாட்டிலின் வாயில் வெள்ளி ஸ்பூனைத் தொங்கவிட்டால் குமிழி தங்கும் என்று யாராவது சொல்வார்கள். ஸ்பூனுக்கும் குமிழிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாட்டிலின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் உலோக மூடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போட்டு ஃபிரிஜ்ஜில் வைத்தால் அடுத்த நாள் மாலை வரை உயிரோடு இருக்கும்.