ஈர்ப்பலைக் கணிதமும் நமது ஜில்லாக்களும்

ஆகாயத்தின் அதிர்வை ஆராயும் வித்தையில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமிக்கு இது வேண்டாத ஆடம்பரம் என்பது அவர்கள் கட்சி. நாம் அதை ஒப்புவதற்கில்லை.

2015-ம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி, சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் கலந்ததால் எழுந்த ஈர்ப்பலை அமெரிக்காவிலுள்ள லைகோ கருவிகளில் பதிவாயிற்று. இத்தகைய அலைகள் பெரும்பாலும் கருவியின் இரைச்சலில் புதைந்தே வருகின்றன. மாதிரி அலைகளை முன்னரே கணித்து வைத்து ஒப்பிட்டே அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். அம்மாதிரிகளை எவ்விதம் தெரிந்தெடுப்பது என்பதைப் பற்றிச் சத்தியப்பிரகாஷும் சஞ்சீவ் துரந்தரும் 1991-ம் வருஷத்திலேயே புணேயிலிருந்து எழுதினர் என்பது நமது தேசத்தார் பெருமை கொள்ளத் தக்க விஷயம்.

அலை அகப்பட்ட பின்னரே பெரிய வேலை ஆரம்பமாகிறது. நட்சத்திரங்களின் எடை, சுழற்சி, தூரம், திசை முதலிய 15-க்குக் குறையாத அளவுகளை ஊகிக்க, லட்சக்கணக்கான மாதிரிகளை ஒவ்வொன்றாய் ஒப்பிட வேண்டும். கணிப்பொறிக்கே இதில் நாட்கணக்காகும். நமது மண்டி வியாபாரி மக்காச்சோள மூட்டை முழுவதையும் தரையில் கொட்டியா தரம் பார்க்கிறார்? குத்தூசியால் சில இடங்களில் எடுத்துப் பார்த்து விலை சொல்லி விடுகிறார். ஏறக்குறைய அதே யுக்தியை 2018-ல் சாஸ்திரிகள் கையாண்டனர். ஒரு மாதிரியை மட்டும் முழுதும் கணித்துக் கொண்டால், அதற்கு அண்மையிலுள்ள மற்றவை அதனின்று மெதுவாகவே வேறுபடுமாதலின், சில இடங்களில் மட்டும் வித்தியாசத்தைக் கண்டால் போதும். 2025-ல் வெளியான மற்றொரு முறையோ, முன்னரே பயிற்றிய கணிப்பொறியைக் கொண்டு இவ்வேலையை ஒரே விநாடியில் முடிக்கிறது.

இந்த அவசரம் வீண் அவசரமன்று. 2017-ம் வருஷம் ஆகஸ்ட் 17-ந் தேதி இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய அலை வந்த 1.7 விநாடியில் காமாக் கதிரும் வந்தது. தொலைநோக்கிகள் அதன் ஒளியைக் கண்டுபிடிக்கவோ சுமார் 11 மணி நேரம் சென்றது. அதற்குள் மறைந்த காட்சியை யார் மீட்டுத் தருவார்?

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி ஜில்லாவில் இத்தகைய கருவியை நிறுவ மத்திய சர்க்கார் 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்க்குச் சம்மதம் அளித்தது. அதில் நம் குடியானவன் வரிப் பணமும் உண்டு. கருவியை நாம் அரியலூரில் கேட்கவில்லை. லைகோவின் பழைய பதிவுகளோ யாவரும் இலவசமாய் எடுத்துக் கொள்ளும்படி வெளியிடப்பட்டிருக்கின்றன. இவ்வேலைக்கு வேண்டுவது கணிதமும் கணிப்பொறியும் பொறுமையுமே. கடலற்ற ஊரில் கிடைத்த கிளிஞ்சலைக் கொண்டு, இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று ஊகிக்கும் மண் அரியலூர். சாத்தனூர்க் கல்மரம் பெரம்பலூர் ஜில்லாவில் இருக்கிறது. சுவடு கண்டு பொருளறியும் பழக்கம் இங்குள்ள பிள்ளைகளுக்குப் புதிதன்று.

இவ்விரு ஜில்லாக்களின் அரசுக் கல்லூரிகளிலும் புள்ளியியலை முறையாய்ப் போதிக்கும் ஆசிரியர் ஒருவரும், இரவிலும் திறந்திருக்கும் கணிப்பொறிக் கூடம் ஒன்றும் இருக்க வேண்டும். ராஜ்ய சர்க்கார் அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே இதற்குப் பணம் ஒதுக்குமா என்று கேட்கிறோம்.