எல்லோருக்கும் 18

மருத்துவமனைகளும் ஸ்கேன் சென்டர்களும் மருந்துக் கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் பகுதி, சேலம் ஃபேர்லேண்ட்ஸ். ஆத்தூர், ராசிபுரம், சங்ககிரி, எடப்பாடி, மேட்டூர், நாமக்கல் என்று நாலாப் பக்கமிருந்தும் நோயாளிகள் இங்கே வந்து சேர்கிறார்கள். மார்கழி, தைப் பனியில் இளைப்போடு வருபவர்கள் கூடுதல். அப்படி ஒருவர் வந்து படுத்ததும் கையில் பி.பி. பட்டை சுற்றப்படும், விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டப்படும், கொஞ்ச நேரத்தில் இ.சி.ஜி.யும் எக்ஸ்ரேயும் முடிந்துவிடும். வசதி இருந்தால் சி.டி. ஸ்கேனும். ஆனால், மூச்சு முட்டுகிறது என்று வந்தவர் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுபவர் அபூர்வம். கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டம் காலியாகவும் இருக்காது. 18 என்றோ 20 என்றோ எழுதியிருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அதே 18தான்.

இதை ஃபேர்லேண்ட்ஸின் குறையாகவோ தமிழ்நாட்டின் குறையாகவோ மட்டும் பார்க்க முடியாது. சுவாச வீதம் புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்று ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் 2008-லேயே ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை அலசி 2017-ல் வெளியான ஆய்வு, எல்லோருமே நிமிடத்துக்கு 20 தடவைதான் மூச்சு விடுகிறார்களா என்று தலைப்பிலேயே கேட்டது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஆளுக்கு ஆள் விரிந்து பரவியிருக்க, மூச்சு மட்டும் ஓரிரு எண்களில் வந்து குவிந்துகிடந்தது. இயற்கை அப்படி இயங்காது. எண்ணாமல் எழுதினால்தான் அப்படி வரும்.

எண்ணாவிட்டால் என்ன இழப்பு? வார்டில் படுத்திருந்தபோது இதயம் நின்றுபோனவர்களின் முந்தைய பதிவுகளை எடுத்துப் பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வு 1993-ல் வந்தது. நிமிடத்துக்கு 27-ஐத் தாண்டிய மூச்சுதான், அடுத்த 72 மணி நேரத்துக்குள் நேரப்போவதற்கான முக்கியமான முன்னறிவிப்பு என்று அது கண்டது. நாடியோ ரத்த அழுத்தமோ அந்த அளவுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. காரணம் எளிது. உடலில் ஆக்ஸிஜன் குறைந்தாலும், கரியமில வாயு தேங்கினாலும், ரத்தத்தில் அமிலம் ஏறினாலும் மூளை முதலில் செய்வது மூச்சை வேகப்படுத்துவதுதான். நிமோனியா மட்டுமல்ல, கிருமி ரத்தத்தில் பரவினாலும் மூச்சு வேகமெடுக்கும். சர்க்கரை கட்டுமீறி அமிலம் கூடியவர், நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லாமலே ஆழமாகவும் வேகமாகவும் இழுத்து விடுவார்.

‘அதுதான் சாச்சுரேஷன் பார்க்கிறோமே’ என்பது வழக்கமான பதில். கொரோனா உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தைச் சேலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரும்பாலை வளாகத்திலேயே ஆக்ஸிஜன் வசதியோடு 500 படுக்கைகள் போட வேண்டிவந்த மாதம் அது. அப்போது வீட்டுக்கு வீடு வந்த விரல் கருவி நம் மனதில் பெரிய இடத்தைப் பிடித்துவிட்டது. அதற்கு அடிப்படையை 1974-ல் முன்வைத்த ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி, அது உலகம் முழுக்க வீட்டுப்பொருளாக மாறத் தொடங்கிய 2020 ஏப்ரலில்தான் காலமானார் என்பது ஒரு விநோதம். கருவி நல்ல கருவிதான். ஆனால், திரையில் தெரியும் 97-ஐ உடல் எவ்வளவு பாடுபட்டுத் தக்கவைக்கிறது என்பதை அது சொல்லாது. நிமிடத்துக்கு 32 தடவை மூச்சிழுத்து 97-ல் நிற்பவரும், 16 தடவையில் 97-ல் இருப்பவரும் அதற்கு ஒன்றுதான். மூச்சுத் தசைகள் களைத்த பிறகே எண் சரியத் தொடங்கும். அதற்குள் சில மணி நேரம் கைவிட்டுப் போயிருக்கும். புகையில் சிக்கியவரின் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்ஸைடையும் ஆக்ஸிஜன் என்றே அது எண்ணிக்கொள்ளும். ரத்தசோகை உள்ளவருக்கு ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினே குறைவு என்றாலும் திரையில் 98 தெரியும். கறுப்பினத்தவரின் உண்மையான ஆக்ஸிஜன் தாழ்வைக் கருவி தவறவிடுவது வெள்ளையரைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகம் என்று 2020-ல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. மாநிறமும் கறுப்புமாக இருக்கும் நம் ஊரில் இதைச் சிரித்துக் கடந்துவிட முடியாது.

இத்தனைக்கும் மூச்சை எண்ணுவது நமக்குத் தெரியாத வித்தையும் அல்ல. பாப்புவா நியூ கினியில் ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர் 1980-களின் தொடக்கத்தில் செய்த பணியை ஒட்டி, குழந்தைகளின் நிமோனியாவை எக்ஸ்ரே இல்லாமல் மூச்சை எண்ணியே கண்டறியும் முறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்பவை எல்லைக்கோடுகள். முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நம் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். துணைச் சுகாதார நிலையத்தில் குழந்தையின் சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணுகிறார்கள். அதைவிடப் பல மடங்கு வசதியுள்ள நகரத்து வார்டில் பெரியவரின் மூச்சு எண்ணப்படுவதில்லை. கிராமத்தில் அந்த எண்ணிக்கைக்கு விளைவு உண்டு: 50-ஐத் தாண்டினால் மருந்து, நெஞ்சு உள்வாங்கினால் மருத்துவமனை. வார்டில் 28 என்று எழுதினாலும் ஒன்றும் நடக்காது, 18 என்று எழுதினாலும் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காத வேலையை, வேலை நெருக்கடியில் இருக்கும் எவரும் முதலில் கைவிடுவார்கள். செவிலியரின் அலட்சியம் என்று இதைச் சுருக்குவது அநியாயம்.

விளைவோடு இணைத்தால் பெரியவர்களுக்கும் எண்ணுவார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2022-ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ காசநோய் உறுதியானவர்களிடம் ஒருசில விஷயங்களை மட்டும் பார்க்கச் சொன்னது: உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், மூச்சின் எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் வடிவமைப்பில் துணைநின்றது. மூச்சு 24-ஐத் தாண்டினாலோ, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போனாலோ அவர் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பப்பட வேண்டியவர் அல்ல, மருத்துவர் பார்த்துப் படுக்கையில் சேர்க்கப்பட வேண்டியவர். மருத்துவர் வரும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைப் பணியாளர்களே பார்த்துக் குறிக்கலாம். ஆய்வகமோ புதிய இயந்திரமோ இதற்குத் தேவைப்படவில்லை. ஒரு எண்ணுக்கு, ஒருவரைப் படுக்கையில் சேர்க்கும் வலு கொடுக்கப்பட்டது. அவ்வளவுதான்.

பிரிட்டனில் இதையே எல்லா நோயாளிகளுக்குமாகச் செய்தார்கள். மருத்துவர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், 12 முதல் 20 வரையிலான மூச்சுக்குப் பூஜ்யம். 21 முதல் 24 வரை இரண்டு. 25-ம் அதற்கு மேலும் என்றால் மூன்று. ஏதாவது ஒரு குறிக்கு மூன்று விழுந்தாலே மருத்துவர் அவசரமாக வந்து பார்த்தாக வேண்டும். அங்கே செவிலியர் மருத்துவரிடம் தயங்கித் தயங்கி, ‘ஒரு மாதிரி இருக்காரு சார்’ என்று சொல்ல வேண்டியதில்லை. மதிப்பெண்ணைச் சொன்னால் போதும்.

எண்ணுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘உங்க மூச்சை எண்ணப்போறேன்’ என்று சொன்னால் எவருக்கும் மூச்சு மாறிவிடும். அதனால் தேர்ந்த செவிலியர் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின்மேல் வைத்திருப்பார். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி, தாறுமாறாக மூச்சு விடுபவரிடம் பொய் சொல்லும். அந்த ஒரு நிமிடத்தில் எண்ணிக்கை மட்டும் கிடைப்பதில்லை. ‘சாப்பிட்டீங்களா தாத்தா?’ என்று கேட்டால், ‘ரெண்டு இட்லி சாப்ட்டேன் அம்மிணி’ என்று ஒரே மூச்சில் வருகிறதா, அல்லது ‘ரெண்டு... இட்லி... சாப்ட்டேன்’ என்று துண்டு துண்டாக வருகிறதா? கழுத்துத் தசைகள் புடைக்கின்றனவா, காறை எலும்புக்கு மேலே குழி விழுகிறதா, படுக்க மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாரா, உதட்டைக் குவித்து ஊதுகிறாரா? சளி வெள்ளையா, மஞ்சளா, துருப்பிடித்த நிறமா? எல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே அடங்கும். இரைப்புச் சத்தம் நின்றுவிட்டது, பரவாயில்லை என்று சொந்தக்காரர்கள் நிம்மதிப்படும் நேரம் சில சமயம் மிக ஆபத்தான நேரம். காற்றே உள்ளே போகவில்லை என்றாலும் சத்தம் நிற்கும். அரை மணி முன்பு வரை தவித்துக்கொண்டிருந்தவர் தூங்கி வழிந்தால், எழுப்பிப் பார்க்க வேண்டும்.

‘ஆக்ஸிஜனைக் கூட்டி வைங்க சிஸ்டர்’ என்ற வற்புறுத்தலும் இங்கே வரும். பல வருட நுரையீரல் அடைப்பு நோயாளிகளில் சிலருக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. அதற்கு மேல் ஏற்றினால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜனை அளந்து கொடுத்தபோது, தாராளமாகக் கொடுத்ததைவிட இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது என 2010-ல் ஆய்வு வெளியானது. அளக்காமல் கொடுத்தால் ஆக்ஸிஜனும் தீங்குதான்.

சேலத்தைச் சுற்றியுள்ள இந்தப் பகுதிக்கென்று இன்னொரு கேள்வியும் உண்டு. கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘கூலி’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்தக் கூலி? திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாடு போய், ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது பறக்கும் கல்தூளைப் பல வருடம் சுவாசித்தவரா? கிரஷரில் நின்றவரா? பஞ்சாலையில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் இருந்தவரா? நாமக்கல் கோழிப்பண்ணையில் எருவும் இறகுத்தூளும் அம்மோனியா நெடியும் கலந்த கொட்டகையைக் கூட்டியவரா? பீடி, சிகரெட்டையே தொடாமல் விறகடுப்பில் நாற்பது வருடம் சமைத்த அம்மாவா? பஞ்சுத்தூசி நோய் என்றால், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் கூடும். ‘எந்தக் கிழமை அதிகமா இருக்குதுங்க?’ என்று கேட்காமல் எந்த ஸ்கேனும் அதைக் காட்டாது. கல்தூள் படிந்த நுரையீரலில் காசநோய் எளிதாகப் பற்றும் என்பதால் அதையும் சேர்த்துத் தேட வேண்டும். கல்தூசி நோயும் பஞ்சுத்தூசி நோயும் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே இடம்பெற்ற தொழில்நோய்கள். சேர்க்கையின்போது ‘கூலி’ என்று மட்டும் எழுதப்பட்டவர் பிற்பாடு இழப்பீடு கேட்டுப் போனால், அவர் கையிலிருக்கும் மருத்துவமனைத் தாள் அவருக்காக ஒன்றும் பேசாது. மூச்சின் எண்ணிக்கையைப் போலவே இதுவும் செவிலியரின் முதல் பத்து நிமிடத்தில் எழுதப்படுவது, அல்லது எழுதப்படாமலே போவது.

நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. முப்பது படுக்கை வார்டில் ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு அரை மணி. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு மூன்று மணி நேரம். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. அந்த விதி நடைமுறையில் இருந்தால் மூன்று மணி நேரம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால், இரவு டூட்டியில் வார்டு முழுக்க ஒருவரே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து நாம் அதிர்ச்சி அடைவதைக்கூட நிறுத்திவிட்டோம். தனியார் செவிலியர்களின் ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றம் 2016-ல் தலையிட்டதை அடுத்து அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. அரசிலோ, 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. இந்தப் பின்னணியை மறைத்துவிட்டு ‘முறையாக எண்ணுங்கள்’ என்று சுற்றறிக்கை அனுப்பினால், 18-க்குப் பதில் 19, 21 என்று மாற்றி மாற்றி எழுதப்படும். பயிற்சி குறைவு என்பதும் முழு உண்மை அல்ல. 2021-ல் திருத்தப்பட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் நோயாளியை மதிப்பிடுவது தனிப் பகுதியாகவே இருக்கிறது. கல்லூரியில் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கப் படித்தவர், வேலைக்கு வந்ததும் அதை பி.பி. பார்க்க மட்டும் பயன்படுத்துகிறார். மற்றது டாக்டர் வேலை என்று வார்டு அவருக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

தனியார் மருத்துவமனையை மாற்றும் நெம்புகோல் அரசின் கையில் இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் பணம் பெறக் கோப்பு அனுப்புகின்றன. அதில் ஸ்கேன் படம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள், பிரிட்டனில் உள்ளதைப் போன்ற மதிப்பெண் தாள் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். தனியாரில் கண்டறியப்படும் காசநோயாளிகளையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருப்பதால், காசநோய்த் திட்டத்தின் அந்தச் சில கட்டங்களையும் அதே படிவத்தில் சேர்ப்பது பெரிய வேலை அல்ல. வார்டுக்குள் செய்ய வேண்டியது ஒன்று. மூச்சு 25-ஐத் தொட்டால் டூட்டி டாக்டர் எத்தனை நிமிடத்துக்குள் நேரில் வர வேண்டும் என்பதும், அவர் வராவிட்டால் செவிலியர் அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் ஒவ்வொரு படுக்கையின் சார்ட்டிலும் தொலைபேசி எண்ணோடு அச்சாகியிருக்க வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு அந்த எண்ணை அழைத்ததற்காக மறுநாள் காலை ரவுண்ட்ஸில் அவரை யாரும் அதட்டக் கூடாது என்பதையும் சேர்த்து அச்சிடலாம்.