சந்தாவிலிருந்து விலகவும் ஒரு பொத்தான் வேண்டும்

லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'விக்ரம்' இணையத்தில் டிஸ்னி ஹாட்ஸ்டாரில் வந்தது. அவருடைய 'லியோ' நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 'கூலி' அமேசான் பிரைம் வீடியோவுக்குப் போனது. ஒரே இயக்குநரின் மூன்று படங்களை முறையாகப் பணம் கட்டிப் பார்க்க, மலேசியாவின் பினாங்கில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் மூன்று இடத்தில் சந்தா கட்ட வேண்டியிருந்தது. வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழ்த் தொடர்கள் வேண்டுமென்றால் ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சி தனி. இவையெல்லாம் ஓடுவதற்கு வீட்டு இணையம் தனி, ஆளுக்கொரு கைப்பேசித் திட்டம் தனி. சேவைகள் பெருகிவிட்டன என்பதோ விலை ஏறுகிறது என்பதோ மட்டும் இங்கே குறை ஆகாது. விலை ஏறினால் விட்டுவிடலாம், படம் பார்த்து முடித்தால் நிறுத்திவிடலாம் என்ற நிலை இருந்தால் சந்தையே பாதிக் கணக்கைத் தீர்த்துவிடும். அந்த நிலை இல்லை. சேர்வதற்கு விரலால் ஒரு தட்டு போதும். விலகுவதற்கோ பட்டியலுக்குள் பட்டியலாகத் தேட வேண்டும். அழைப்பு மையத்தில் காத்திருக்க வேண்டும். இருபத்து நான்கு மாத ஒப்பந்தம் முடியவில்லை என்றால் அபராதம் கட்ட வேண்டும். சேர்ந்த வழியிலேயே, அதே எளிமையோடு விலகுவதை இந்நாட்டுச் சட்டம் ஓர் உரிமையாக எழுதி வைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

"புகார் செய்ய வழி இருக்கிறதே" என்று முதலில் சொல்வார்கள். இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களுக்கென்றே 2001-இல் ஒரு பயனீட்டாளர் மன்றம் அமைக்கப்பட்டது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒரு தீர்ப்பாயமும் இயங்குகிறது. அங்கே மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கலாம். புதிதாக வாங்கிய குளிர்பதனப் பெட்டி ஓடவில்லை என்றாலோ, வீட்டைப் பழுதுபார்க்க முன்பணம் வாங்கியவர் வராமல் போனாலோ இது அருமையான ஏற்பாடு. சந்தாவில் போகும் பணம் வேறு வகை. நிறுத்தியதாக நினைத்த ஒரு சேவை மாதம் இருபது ரிங்கிட்டை அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதம் இருபத்தாறு வேலை நாள் என்று பார்த்தால் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட். இருபது ரிங்கிட்டை மீட்க அறுபத்தைந்தை இழந்து யார் விசாரணைக்குப் போவார்? நட்டம் ஒவ்வொருவருக்கும் சிறிது. ஆயிரமாயிரம் பேரிடமிருந்து சேரும்போது நிறுவனத்துக்கு அது பெரிய வரவு. புகாரை நம்பி நடக்கும் எந்த ஏற்பாடும் இந்தக் கணக்கின் முன் தோற்றுப்போகும். நட்டம் நேராதபடி விதியை முன்கூட்டியே அமைப்பதுதான் வழி.

அப்படி அமைத்தபோதெல்லாம் மலேசியாவிலேயே பலன் கிடைத்திருக்கிறது. 2008-க்கு முன் கைப்பேசி நிறுவனத்தை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். பத்தாண்டாகக் கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அச்சான எண்ணை எப்படி விடுவது? சேவை பிடிக்காவிட்டாலும் மக்கள் அங்கேயே கிடந்தார்கள். எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மாற்றலாம் என்ற விதி அந்த ஆண்டு வந்தது. அதன்பிறகு பழைய வாடிக்கையாளரைப் பிடித்துவைக்க நிறுவனங்கள் உழைக்க வேண்டியிருந்தது. அடுத்த சான்று 2018. வீட்டு இணையத்தின் மொத்த விற்பனை விலைக்கு வரம்பு கட்டும் தரவிதி அந்த ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அப்போது தொடர்பு, பல்லூடகத் துறைக்கு அமைச்சராக இருந்த கோபிந்த் சிங் டியோ, "இரு மடங்கு வேகம், பாதி விலை" என்ற இலக்கை ஊரறியச் சொன்னார். சில மாதங்களிலேயே கட்டணங்கள் கண்கூடாகக் குறைந்தன. பழைய செம்புக்கம்பி இணைப்பில் இருந்தவர்களுக்கு அந்தப் பலன் உடனே கிட்டவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் யாரும் தனித்தனியாகப் புகார் எழுதித் தீர்ப்பாயம் ஏறாமலேயே நாடு முழுவதும் கட்டணம் இறங்கியது.

வெளியேறும் வாசலைச் சட்டமே திறந்துவைத்த நாடுகளும் உண்டு. ஜெர்மனியில் இணையத்தில் சந்தா விற்கும் நிறுவனம் தன் பக்கத்தில் விலகல் பொத்தான் ஒன்றைத் தெளிவாக வைக்க வேண்டும். 2022 ஜூலை முதல் இது கட்டாயம். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அட்டையை வழங்கிய வங்கி செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியிலிருந்தே வாடிக்கையாளர் வேண்டாமென்று நிறுத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். தொடக்க மாதங்களில் பல கட்டணங்கள் தடைப்பட்டன, நிறுவனங்கள் முணுமுணுத்தன. பின்பு எல்லாரும் விதிக்கு ஏற்ப மாறிக்கொண்டார்கள். 2023 நவம்பரில் இந்திய அரசு, பயனீட்டாளரை ஏமாற்றும் பதின்மூன்று இணைய உத்திகளைப் பெயரிட்டுத் தடுத்தது. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. அமெரிக்காவில் அமேசான் மீது அந்நாட்டு வணிக ஆணையம் தொடுத்த வழக்கு எல்லாவற்றையும்விட வெளிச்சமானது. பிரைம் சந்தாவை ரத்துசெய்யும் நடைமுறைக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்ததாக ஆணையம் தன் புகாரில் சொன்னது. பத்தாண்டு நீண்ட டிராய்ப் போரைப் பாடும் காவியத்தின் பெயர் அது! 2025 செப்டம்பரில் அந்த வழக்கை முடித்துக்கொள்ள அமேசான் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. விலகும் வழி நீண்டுபோவதைக் கவனக்குறைவு என்று இனியும் நம்புவதற்கில்லை. அதை நீட்டுவதில் வரவு இருக்கிறது.

நம் சட்டத்தின் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2022-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திருட்டுத்தனமாகப் படம் காட்டும் ஆண்ட்ராய்டு பெட்டிகளை விற்பவருக்கு 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை என்று அதில் எழுதப்பட்டது. 2025 ஜனவரி முதல், மலேசியாவில் 80 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களும் குறுஞ்செய்திச் செயலிகளும் உரிமம் பெற வேண்டும் என்றானது. மோசடி, சூதாட்டம், இணையப் பகடிவதை ஆகியவற்றைத் தடுப்பது அதன் நோக்கம். திருட்டைத் தண்டிப்பதிலும் மோசடியைத் தடுப்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிறுவனத்தின் உரிமைக்காக 20 ஆண்டுச் சிறையை எழுதத் தெரிந்த நாடாளுமன்றம், நேர்மையாகக் காசு கட்டிப் பார்ப்பவர் இணையச் சந்தாவிலிருந்து விலகுவதற்கென்று பெயர்சொல்லி ஒரு வரி எழுதித் தரவில்லை. சந்தா குவிந்து சலித்துப்போனவர்தான் அந்த ஆண்ட்ராய்டு பெட்டி விற்கும் கடைக்குப் போகிறார் என்பதையும் கொள்கை வகுப்போர் யோசிக்க வேண்டும்.

நிறுவனங்களின் வலுவான மறுப்பு ஒப்பந்தக் காலத்தைப் பற்றியது. மோடம் தருகிறோம், கைப்பேசியைக் கழிவு விலையில் தருகிறோம், கம்பி இழுத்து இணைக்கிறோம். ஆறாம் மாதமே ஒருவர் கிளம்பிவிட்டால் அந்தச் செலவை யார் ஏற்பது என்கிறார்கள். இது நியாயமான கேள்வி. செலவை மீட்கட்டும், மீதிக் காலம் முழுவதற்கும் கட்டணம் கேட்கக் கூடாது. கொடுத்த கருவியின் விலை மாதந்தோறும் தேய்ந்து வரும்; தேய்ந்தது போக மிச்சத்தை மட்டும் வாங்கினால் கணக்கு நேராகிவிடும். இந்த நெறி நமக்குப் புதிதும் இல்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வருங்காலத்தில் தொடர்ந்து பெறவிருக்கும் சேவைக்கான ஒப்பந்தத்தை ரத்துசெய்தால் மொத்த விலையில் 5 விழுக்காடும், ஏற்கெனவே பெற்ற பொருள், சேவைகளின் மதிப்பும் மட்டுமே கேட்கலாம் என்கிறது. வீட்டு இணையத்துக்கும் கைப்பேசித் திட்டத்துக்கும் திரைச்சேவைக்கும் இது பொருந்தும் என்று பெயர்சொல்லி எழுதிவிட்டால் வாதம் முடிந்தது. "விதிமுறைகளைப் படித்துத்தானே ஒப்புக்கொண்டார்கள்" என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. பேரம் பேச வழியில்லாமல் ஒருவர் ஏற்கும் ஒப்பந்தத்தில் நியாயமற்ற நிபந்தனை இருந்தால் அதைச் செல்லாததாக்கலாம் என்பதை 2010-ஆம் ஆண்டுத் திருத்தமே ஏற்றுக்கொண்டுவிட்டது.

வெளிநாட்டு நிறுவனங்கள் நம் பேச்சைக் கேட்குமா, கடுமை காட்டினால் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடாதா என்ற அச்சம் அடுத்தது. 2020 ஜனவரியில் அயல்நாட்டு மின்னியல் சேவைகளுக்கு அரசு 6 விழுக்காடு வரி விதித்தது; 2024 மார்ச்சில் அது 8 ஆனது. நிறுவனங்கள் பதிவு செய்துகொண்டன, வரியை நம்மிடம் வசூலித்து அரசிடம் கட்டுகின்றன, யாரும் ஓடிப்போகவில்லை. அரசுக்காக ஒவ்வொரு ரசீதிலும் வரியைச் சேர்க்க முடிந்த மென்பொருளால், பயனீட்டாளருக்காக ஒரு பொத்தானைச் சேர்க்க முடியாதா? அதைவிட ஆழமான அச்சம் ஒன்று உண்டு: கட்டுப்பாடு என்ற பெயரில் அரசின் கை பேச்சுரிமைக்குள்ளும் நீளுமோ என்பது. இணையச் சட்டங்களைப் பற்றி இந்நாட்டில் அந்தக் கவலையை எழுப்புபவர்களோடு நானும் நிற்கிறேன். ஆனால் விலகல் விதி எதைப் பேசலாம், எதைக் காட்டலாம் என்று சொல்வதில்லை. அது அமைச்சருக்கோ ஆணையத்துக்கோ புதிய அதிகாரம் எதையும் தருவதில்லை. சந்தா கட்டுபவரின் விரலுக்குத் தருகிறது.

பயனீட்டாளர் இயக்கத்தில் பினாங்கு பின்னால் நின்ற ஊர் கிடையாது. 1969-இல் இங்கே தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை, 2019-இல் மறையும்வரை எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் நடத்திக் காட்டினார். சாதாரண மக்களின் சிறிய முறையீடுகளை அவர் சங்கம் நாட்டின் கேள்விகளாக்கியது. தமிழிலும் மக்களோடு பேசியது. அந்த மரபு இப்போது அரிசி, எண்ணெயோடு அலைவரிசைக்கும் சந்தாவுக்கும் நீள வேண்டும். வாசகர்களே, இந்த மாத வங்கிக் கணக்கறிக்கையை எடுத்து, தானாகப் பணம் எடுக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்த முயன்று முடியாமல் போனவற்றைத் தேதியோடு எழுதிச் சங்கத்துக்கு ஒரு நகலும் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு நகலும் அனுப்புங்கள். சுங்கை பினாங் அடங்கிய ஜெலுத்தோங் தொகுதியின் உறுப்பினர் அந்தக் கடிதங்களை மேசையில் வைத்து, 17-ஆம் பிரிவு எங்கள் சந்தாக்களுக்குப் பொருந்துமா என்று அடுத்த கூட்டத்தொடரில் அமைச்சரிடம் கேட்க வேண்டும்.