புயலுக்கு அப்புறம் நிவாரணம் சரி... புயலுக்கு முன்னாடி கடையில மெழுகுவத்தி எங்கே?



2018 நவம்பர் 16. கஜா புயல் நாகை - வேதாரண்யம் இடையே கரையைக் கடந்த நாள். நான் அப்போ இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். நாலு நாள் கழிச்சு, நம்ம பக்கம் சேர்த்த அரிசி மூட்டைகளோட டெல்டாவுக்கு வண்டியில போனோம். ஒரு பாட்டி மூட்டையைப் பார்த்துட்டு, "அரிசி இருக்கு தம்பி, மெழுகுவத்தி இருந்தா குடு. நாலு நாளா இருட்டுல கெடக்கோம்"னாங்க.

எங்க வண்டியில ஒண்ணு கூட இல்லை. அந்த ஊர்க் கடையிலயும் இல்லை, முதல் நாளே தீர்ந்துடுச்சாம்.

"குன்னம் கடற்கரையா என்ன? நமக்கு எதுக்கு புயல் பேச்சு?"னு சிலர் கேட்பீங்க. ஆலங்குடியும் கீரமங்கலமும் கடற்கரையா? அங்க கஜா என்ன பண்ணுச்சுன்னு புதுக்கோட்டை உறவுகளைக் கேளுங்க. கொடைக்கானல் மலை வரைக்கும் போய் அடிச்ச புயல் அது. நம்ம தொகுதிக்கு வர அதுக்கு வழி தெரியாதா?

கரண்ட் போனா என்ன நடக்கும்னு வரிசையா யோசிங்க. மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி காலி. மாவு மில் ஓடாது. டவர்ல பேட்டரி தீர்ந்ததும் போன் செத்துடும். அதோட ஜிபே, போன்பே எல்லாம் போச்சு. ஏ.டி.எம்.மும் வேலை செய்யாது. கையில நூறு ரூபாய் இல்லாதவனுக்குக் கடை திறந்திருந்தும் பிரயோஜனம் இல்லை. ரேஷன் மண்ணெண்ணெயும் வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுட்டே வருது. சிமினி விளக்கை எதை ஊத்தி ஏத்துறது?

இந்த நேரத்துல கடைக்காரரைத் திட்டி பதிவு போடுறது சுலபம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ சென்னையிலேயே பால் பாக்கெட் இரட்டிப்பு விலைக்குப் போச்சு. பாக்கெட்ல அச்சடிச்ச விலைக்கு மேல விக்கிறது குற்றம், அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா செந்துறையிலயோ வேப்பூர்லயோ ஒரு சின்ன மளிகைக் கடையை நினைச்சுப் பாருங்க. வாரம் ஒருமுறை டவுனுக்குப் போய், இருக்கிற முதலுக்குச் சரக்கு எடுக்கிறவர். புயல் வரலாம்னு பத்தாயிரம் ரூபாய்க்கு மெழுகுவத்தி வாங்கி அடுக்கச் சொன்னா எங்கே போவார்?

அமெரிக்காவுல 2004-ல பிரான்சிஸ் புயல் வர்றதுக்கு முன்னாடி, வால்மார்ட் கம்பெனி அதுக்கு முந்தின புயல்ல போட்ட பில்களை எடுத்து ஆராய்ந்தது. டார்ச்லைட் மட்டும் இல்லாம, அடுப்பு தேவைப்படாத ஒரு இனிப்புத் தின்பண்டம் வழக்கத்தைவிட ஏழு மடங்கு வித்திருந்தது. உடனே லாரி லாரியா அனுப்பினாங்க. அவங்க நோக்கம் லாபம்தான். ஆனா கத்துக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. புயல் வரும்போது எது தீரும்னு முன்கூட்டியே சொல்லிட முடியும்.

அந்தக் கணக்கு போட நம்மகிட்டயும் வசதி இருக்கு. 2017-லிருந்து ஸ்மார்ட் கார்டு, பில் மெஷின், ஊருக்கு ஊர் ரேஷன் கடை. எந்த ஊர்ல எத்தனை குடும்பம்னு அரசாங்கத்துக்கு அத்துப்படி. கஜாவுக்கு அப்புறம் 27 பொருட்கள் அடங்கிய நிவாரணப் பெட்டகம் கொடுத்தாங்க. அதுல நாலு பொருள் புயலுக்கு முன்னாடியே கடையில இருந்திருந்தா அந்தப் பாட்டி இருட்டுல கிடந்திருப்பாங்களா?

அதனால நம்ம கோரிக்கை இதுதான்:

1. வடகிழக்குப் பருவமழை தொடங்குறதுக்கு முன்னாடியே, செப்டம்பர் கடைசிக்குள்ள, ஒவ்வொரு ரேஷன் கடையிலயும் மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, பேட்டரி, பால் பவுடர் இருப்பு வைக்கணும். பால் பவுடரைத் தவிர மத்ததெல்லாம் சீக்கிரம் கெடாத பொருள். புயல் வரலைன்னா அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

2. மளிகைக் கடைக்காரர்கள் மழைக்காலச் சரக்கு எடுக்க, கூட்டுறவுக் கடன் சங்கம் மூலமா மூணு மாச வட்டியில்லாக் கடன் தரணும். வாங்குறவர் அச்சடிச்ச விலையிலதான் விக்கணும்.

3. ஊராட்சிக்கு ஒரு ஜெனரேட்டர். முதல்ல தண்ணித் தொட்டி, அடுத்து போன் சார்ஜ்.

நம்ம பங்கும் இருக்கு. ஒவ்வொரு கிளையிலயும் ரெண்டு பேர் இந்த வாரமே உங்க ஊர்க் கடை அண்ணாச்சியையும் ரேஷன் கடை ஊழியரையும் பார்த்து, என்ன இருக்கு, என்ன இல்லைன்னு எழுதி ஒன்றியப் பொறுப்பாளர்கிட்ட கொடுங்க. மொத்தமா மனுவாக்கி கலெக்டர் ஆபீஸ்ல கொடுப்போம். கைக்குழந்தை இருக்கிற வீடு, தனியா இருக்கிற பெரியவங்க வீடு எதுன்னும் குறிச்சு வைங்க. புயல் எச்சரிக்கை வந்ததும் முதல் பாக்கெட் அங்கதான் போகணும். நாமளே பத்து பாக்கெட் வாங்கிப் பதுக்க வேண்டாம். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, இப்பவே போன்ல பதிஞ்சுக்கோங்க.

அடுத்த தடவை நிவாரண வண்டி எடுக்கிற நிலைமை வந்தா, "மெழுகுவத்தி இருக்கா தம்பி"ன்னு யாரும் நம்மளைக் கேட்கக் கூடாது.

படிச்சதோட விட்டுடாதீங்க. உங்க கிளை வாட்ஸ்அப் குழுவுல பகிருங்க.

#குன்னம் #புயலுக்குமுன்இருப்பு